நாலு நிமிஷக் கரி

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம், ஆண்டர்சன்பேட்டைக் கூடாரத்தில் பயாஸ்கோப் காட்டினார்கள். நடுவில் காடாத் துணியைக் கட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். துணி ஈரமாக இருந்தால் வெளிச்சம் ஊடுருவும். பின்பக்கம் இருப்பவர்களுக்கும் படம் தெரியும், இடம் வலமாக. ஆகவே முன்னால் நாற்காலியில் துரைமார், பின்னால் தரையில் சுரங்கத்து ஜனம்.

விளக்குக்கு ஆள் மாணிக்கராஜ், சுரங்கத்தில் கரண்டு வேலை பார்ப்பவன். இரண்டு கரிக்குச்சிகளின் நுனியை ஒட்டவைத்து, கரண்டு விட்டு, மெல்லப் பிரித்தால் நடுவில் சூரியன் மாதிரி வெளிச்சம் பிறக்கும். நுனி எரிய எரிய இடைவெளி கூடும், கூடினால் அணையும். குச்சியைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

படம் ஆறே நிமிஷம். ஒரு கஞ்சன், கிறிஸ்துமஸ் ராத்திரி, சங்கிலியோடு ஒரு பேய். பேயின் உடம்பு வழியே கதவு தெரிந்தது. படம் ஓட்டும் மெஷின்காரர் சௌந்தரராஜன் அதையும் விளக்கினார்: முதலில் அறையைப் படம் பிடித்துச் சுருளைப் பின்னுக்குச் சுற்றி, கறுப்புத் திரைக்கு முன்னால் பேயை நிறுத்தி அதே சுருளில் மறுபடி பிடிப்பார்களாம். கறுப்பு சுருளில் பதியாது, பேய் மட்டும் பதியும். மாணிக்கராஜுக்குப் பேயை நம்ப அதில் ஒரு சிரமமும் இல்லை. அடுத்து வந்ததைத்தான் நம்ப முடியவில்லை. கஞ்சன் தன் கல்லறையைப் பார்த்தான், விடிந்ததும் திருந்திவிட்டான்.

ஆனால் முன்வரிசையில் சுரங்கத்துத் துரை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். சரி, இதுதான் சமயம் என்று மாணிக்கராஜ் போய் நின்றான். நாளைக் காலை தன் தலைப்பிள்ளைக்கு ஞானஸ்நானம், தகப்பன் பக்கத்தில் நிற்க வேண்டும், காலை ஷிஃப்டுக்கு மட்டும் லீவு வேண்டும் என்றான்.

துரை மூக்கைச் சிந்திவிட்டு, யாருக்கும் லீவு இல்லை என்றார். பிறகு மனம் இளகி, நாளைப் பத்து மணிக்கு கிளப்பில் இதே படத்தை மூன்று தடவை போட வேண்டும், அதற்காக அவனுக்கு ஷிஃப்டு கிடையாது, இதைப் பரிசாக வைத்துக்கொள் என்றார். ஞானஸ்நானம் நடக்கும் கோயில் ஆராதனையும் பத்து மணிக்குத்தான்.

மனைவி இசபெல்லாவிடம் சொன்னபோது அவள் குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். "இன்னா மனுஷன்யா அவரு? அழுவுறதுக்கே ஆள் வைக்கிறாரு" என்றாள்.

மறுநாள் ஜன்னல்களை மூடி கிளப்பை இருட்டாக்கினார்கள். மாணிக்கராஜ் செருகிய குச்சிகளைப் பார்த்து சௌந்தரராஜன் முகம் சுளித்தார். "என்னப்பா, கட்டை கட்டையா இருக்கு? நாலு நிமிஷம்கூடத் தாங்காதே."

"தாங்கும்ணே. நாலு தாங்கும். அவருக்கு அதுக்கு மேல தேவையில்ல."

சரியாக நாலாவது நிமிஷம் கல்லறை வந்தது. கஞ்சன் முழங்காலில் விழுந்தான். வெளிச்சம் நடுங்கி, சிவந்து, அணைந்தது.

இருட்டிலிருந்து துரை கத்தினார், வேறு கரி எங்கே என்று.

"பனி படாம இருக்கட்டும்னு நேத்தே ஸ்டோர்ல வச்சிட்டேங்க, துரை" என்றான் மாணிக்கராஜ், மிக மரியாதையாக. "ஸ்டோர் சாவி கூட வேலை பாக்குற இன்பராஜ்கிட்ட இருக்கு. அவரு ஷிஃப்டுல சுரங்கத்துக்குக் கீழ இருக்காரு. லீவு இல்லன்னுட்டீங்களே, ரெண்டு மணிக்குத்தான் மேல ஏறுவாரு."

படம் அதோடு நின்றது. கஞ்சன் எப்படித் திருந்துவான் என்று துரைக்கு நேற்றே தெரியும். தெரிந்து ஆனது ஒன்றுமில்லை. மாணிக்கராஜ் கையில் ஒட்டிய கரியை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். கோயிலில் பாதிரி ஐயர் இன்னும் பிரசங்கத்தை முடிக்கவில்லை, ஞானஸ்நானம் அதற்குப் பிறகுதான். இசபெல்லா நகர்ந்து இடம் விட்டாள்.