மூன்றாம் நம்பர் அறைக் கட்டில்

புயலில் படகுத்துறை உடைந்த பிறகு இரண்டு வருடமாகத் தீவுப் பக்கம் வெளியாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. புதுத்துறை கட்டி முடித்ததும், தீவைப் பற்றிச் சின்னப் புத்தகம் போடுவதற்காகச் சுற்றுலா அலுவலகம் ஒரு போட்டோக்காரரை அனுப்பியது.

ஆறு அறை லாட்ஜை நடத்தும் கணவன் மனைவிக்குக் கை கால் ஓடவில்லை. போட்டோக்காரரோ மூன்றாம் நம்பர் அறையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஆளில்லாம எடுத்தா பூட்டுன வீடு மாதிரி இருக்கும். கெஸ்ட் யாராச்சும் இருந்தா நல்லாருக்கும்."

"கெஸ்டுக்கு நாங்க எங்க போறது?"

"அப்ப நீங்களே உக்காருங்க சார்."

லாட்ஜ்காரர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார். சமையலைக் கவனிக்கும் அவர் தங்கை சிரித்தாள். "அண்ணி, ஊருக்குப் புதுசா வந்தவங்க மாதிரி முழிங்க. அண்ணன் எப்பவும் அப்படித்தான் முழிப்பாரு."

மனைவி கட்டிலில் சாய்ந்தாள். பதினெட்டு வருடமாக அந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றியவள், ஒருநாளும் அதில் முதுகைச் சாய்த்ததில்லை. எதிரே குளியலறைக் கதவு. அதற்கு மேலே ஈரம் பூத்த சுவர். ஜன்னலும் கடலும் தலைக்குப் பின்னால். முன்பு ஒரு அம்மாள் கிளம்பும்போது, "கடல் சத்தம் நல்லா கேட்டுச்சு" என்று சொன்னது ஞாபகம் வந்தது. அதை அன்று பாராட்டு என்றே நினைத்திருந்தாள்.

"கொஞ்சம் சிரிங்கம்மா," என்றார் போட்டோக்காரர்.

அவள் எழுந்துவிட்டாள். "கட்டிலத் திருப்பணும்."

"இப்பவா?" என்றார் கணவர். "பதினெட்டு வருஷமா அங்கதானே கெடக்கு?"

"நாம ஒரு நாளாவது இதுல படுத்திருக்கோமாங்க?"

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நால்வருமாகக் கட்டிலை இழுத்துத் திருப்பினார்கள். அடியிலிருந்து ஒரு சீப்பும், ஒற்றைக் குழந்தைச் செருப்பும் வந்தன.

"எங்கள எடுக்க வேணாம் தம்பி. ஜன்னல மட்டும் எடுங்க. நாங்க நடிச்சுக் காட்டி யாரும் வர வேணாம்," என்றாள் மனைவி.

புத்தகத்தில் அவர்கள் லாட்ஜுக்குத் தபால்தலை அளவுதான் இடம் கிடைத்தது. கணவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அவளோ மதியத்துக்கு ஓர் அறையாகப் படுத்துப் பார்த்தாள். எது கிறீச்சிடுகிறது, எங்கே வெயில் கண்ணில் குத்துகிறது என்று சொல்லச் சொல்ல, அவர் முணுமுணுத்துக்கொண்டே சுத்தியலை எடுத்தார்.

முதலில் வந்தவர்கள் இரண்டு நர்ஸுகள். மூன்று நாளும் அறையை விட்டு அதிகம் நகரவில்லை.

"சுத்திப் பாக்க வந்துட்டு, படுத்தே கெடக்குறாங்களே!" என்றார் கணவர்.

"நின்னு நின்னு தேஞ்ச காலுங்க. விடுங்க."

கிளம்பும்போது ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எல்லாம் நல்லா இருந்துச்சுக்கா. தலைமாட்டு லைட்டு மட்டும் கொஞ்சம் மங்கல், புக்கு படிக்க முடியல."

லாட்ஜ்காரி முகம் மலர்ந்து, கணவரையும் அதே படகில் ஏற்றிவிட்டாள், பல்பு வாங்கிவர.

"கொற சொன்னதுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்று கேட்டுக்கொண்டே அவர் படகில் கால் வைத்தார்.

"ஆறு ரூமுக்கும் சேத்து வாங்கிட்டு வாங்க," என்றாள் அவள்.