ஆறாம் வரிசை, நாற்பத்தொன்று

நவ்தெப்பா கால்பந்து விளையாட்டரங்கில், ஆட்டங்கள் நிறுத்தப்பட்ட பத்தொன்பதாம் நாள், வறுத்த சூரியகாந்தி விதை முளைத்தது. முதல் செடி ஆறாம் வரிசை நாற்பத்தொன்றாம் இருக்கையில், ஒரு கீறல்கூட இல்லாத சிமெண்டிலிருந்து நேராக எழுந்தது. மே மாதம் முடிவதற்குள் கேலரி முழுக்கச் செடியாகிவிட்டது. காவலாளி இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார், இரண்டு தடவையும் மூவாயிரத்து நூற்றாறு வந்தது. கடைசி ஆட்டத்துக்கு வந்திருந்த கூட்டமும் அதே மூவாயிரத்து நூற்றாறுதான். பிரமுகர்கள் மேடையில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. அங்கே உட்காருகிறவர்கள் பாதாம் தின்பார்களே தவிர விதை கொறிப்பதில்லை.

நாற்பத்தொன்றாம் இருக்கை சஃபருடையது. சஃபர் பஸ் பணிமனையில் மெக்கானிக். இருபத்தாறு வருடமாக அதே இருக்கையில் உட்கார்ந்து ஷாதூத் அணிக்காகக் கத்தியவர். ஹார்ன் பழுதான பஸ்ஸின் முன்னால் இவரை நிறுத்தினால் போதும் என்று பணிமனையில் கிண்டல் செய்வார்கள். மகள் மவ்ஸுனாவை அணியின் இடப்பக்கத் தடுப்பாளனான லெஃப்ட் பேக் தலேருக்குக் கட்டிக்கொடுத்தார். பையன் குணம் எப்படி, குடும்பம் எப்படி என்றெல்லாம் அவர் விசாரிக்கவில்லை, லெஃப்ட் பேக் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. வீட்டில் மருமகனைக் கண்டால் நெஞ்சில் கை வைத்து, "வாங்க மாப்ளே, உக்காருங்க" என்பார். மைதானத்தில் அதே மருமகனைப் பார்த்து, "தலேர், தூங்குறியாடா!" என்று கத்துவார். இரண்டுமே அவருக்கு அன்புதான், இதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ஆட்டங்கள் நின்றது ஏப்ரலில், கொரோனா வந்த வருடம். ஷாதூத் வழக்கம்போல இரண்டு கோல் பின்தங்கியிருந்தது. இடைவேளையில் தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது, இரண்டாம் பாதி ஆடப்படவே இல்லை. ஜனங்கள் எழுந்து போகாமல் முரண்டு பிடித்தார்கள். தோற்பதானாலும் முழுதாகத் தோற்றுவிட்டுப் போகலாம் என்பது எங்கள் ஊர் வழக்கம். அப்போது அணியை நடத்தும் மன்றத்தின் தலைவர் கராமத் நடுவட்டத்துக்கு வந்தார். வட்ட ரொட்டி ஒன்றை இரு கையிலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒலிபெருக்கியில் சொன்னார்: "நீங்க இல்லாம இந்த மண்ணுல ஒரு பந்து உருளாது. நீங்க திரும்பி வந்தாத்தான் ஆட்டம். இந்த ரொட்டி சாட்சி." ரொட்டியைத் தொட்டுச் சொன்ன பிறகு அதற்கு மேல் பேச்சில்லை. மூவாயிரத்து நூற்றாறு பேரும் மடியில் மிச்சமிருந்த விதையை அங்கேயே உதறிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒழுங்காக வரிசையில் வெளியே போனார்கள். அப்படி அவர்கள் ஒழுங்காக நடந்துகொண்டது அதற்கு முன் இல்லை.

செடிகள் வந்ததும் வேளாண்மை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அரங்க வாசலில் கண்ணாடித் தம்ளரால் அளந்து விதை விற்கும் ஓய்நிசாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பச்சை விதையை வறுத்த விதை என்று விற்றுவிட்டாளோ என்பது அவர்கள் சந்தேகம்.

"ஒழுங்கா வறுத்தியாம்மா?"

"ஏன் சார், முப்பது வருஷமா எங்கிட்ட வாங்கித் தின்னவன் வயித்துலல்லாம் மொளைச்சுதா? கருகக் கருக வறுப்பேன். வேணும்னா இந்தாங்க, ஒரு கை வாயில போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தார்கள். நன்றாகவே வறுத்திருந்தது. இன்னும் ஒரு தம்ளர் வாங்கிக்கொண்டு தலைநகருக்குத் திரும்பிப் போனார்கள்.

அந்தச் செடிகள் சூரியனைப் பார்க்கவில்லை. காலையிலும் மாலையிலும் மைதானத்தைத்தான் பார்த்தன. காவலாளி ஒரு நாள் பழைய பந்து ஒன்றை உதைத்தபோது மூவாயிரம் தலையும் பந்தோடு திரும்பின. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை உதைத்தார். பிறகு ஒவ்வொரு செடியும் அந்தந்த இருக்கைக்காரரின் குணத்தோடு இருப்பதும் தெரிந்தது. பன்னிரண்டாம் வரிசையில் வாய்க்கால் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பியின் செடிகள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. எண்பதாவது நிமிடத்தில் பஸ் பிடிக்க எழுந்து போய்விடுகிற ஆசிரியரின் செடி சரியாக அதே நேரத்துக்குத் தலையைத் தொங்கப்போட்டது. எல்லாம் அப்படியே இருந்தது, ஒரே ஒரு வித்தியாசம், செடிகள் கத்தவில்லை.

ஜூன் இரண்டாம் வாரம், பூட்டிய கதவுக்குள் ஆட்டம் தொடங்கியது. யாருக்கும் சொல்லவில்லை. தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் மதிலுக்கு அப்பால் விசில் ஊதும் சத்தம் கேட்டு நின்றார்கள். பிறகு பந்து உதைபடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தெரு நிறைந்துவிட்டது. நான்காம் எண் பஸ்ஸை மதிலோரம் கொண்டுவந்து நிறுத்தி, அதன் கூரையில் ஏறிப் பார்த்தவர் சஃபர். பந்து உருண்டுகொண்டிருந்தது. மருமகன் ஓடிக்கொண்டிருந்தான். தன் இருக்கையில் ஒரு செடி உட்கார்ந்து, இல்லை, நின்றுகொண்டு, தனக்குப் பதிலாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே இருந்தவர்கள், "என்னண்ணே தெரியுது?" என்று கேட்டார்கள். "ரொட்டியத் தின்னுட்டான்யா" என்றார் சஃபர். அன்று முதல் கராமத் வீட்டுத் தந்தூர் அடுப்பில் ரொட்டி ஒட்டவில்லை. எத்தனை தடவை அறைந்தாலும் சுவரிலிருந்து நழுவிச் சாம்பலில் விழுந்தது. அந்த வீட்டுக்காரர்கள் கடைத்தெருவில் வாங்கிச் சாப்பிடப் பழகிக்கொண்டார்கள்.

இதையாவது மன்னித்திருக்கலாம். அன்றைக்கு ஷாதூத் ஜெயித்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. அதற்கடுத்த ஆட்டத்திலும் ஜெயித்தார்கள், அதற்கடுத்ததிலும். எங்கள் தாத்தாக்கள் காலத்திலிருந்து பட்டியலில் கீழிருந்து இரண்டாவதாக நிற்கும் அணி அந்த வருடம் மூன்றாவது வந்தது. நாங்கள் மழையில் நனைந்து, தொண்டை கிழியக் கத்தி, கல்யாணத் தேதியையெல்லாம் மாற்றி வைத்துக்கொண்டு வந்தபோது இந்தப் பயல்களுக்குக் கால் எங்கே போயிருந்தது? ஊரே இதைத்தான் கேட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் பஸ்ஸில் எங்கள் ஆட்களைப் பார்த்து, "பூவைவிடக் கேவலமாப் போயிட்டீங்களேப்பா" என்று சிரித்தார்கள்.

அந்த வருடக் கடைசியில் தலேர் தொலைக்காட்சியில் பேசினான். மறுநாள் மத்தியானம் மகள் வீட்டில் சாப்பாடு. ஒரே தட்டில் புலாவ், சுற்றி மூன்று பேர். சஃபர் கையை நனைக்கவில்லை.

"மாப்ளே, டிவில என்னமோ சொன்னீங்களாமே. எங்கிட்டயும் ஒருதரம் சொல்லுங்க, கேப்போம்."

"ஒண்ணுமில்ல மாமா. இப்பத்தான் நிம்மதியா ஆடுறோம், பந்துச் சத்தம் காதுல விழுதுன்னேன்."

"அப்ப இருபத்தாறு வருஷமா நாங்க போட்டதெல்லாம் எரைச்சலு?"

"கோவப்படாதீங்க மாமா. நீங்க தூங்குறியான்னு கத்துனா எனக்குக் கால் ரெண்டும் பின்னிக்கும். பந்தப் பாக்கறதா, ஒங்களப் பாக்கறதா?"

"ஒன்ன எழுப்பத்தாண்டா கத்துனேன்!"

வீட்டுக்குள் மருமகனை அவர் 'டா' போட்டது அதுவே முதல் தடவை. மவ்ஸுனா தேநீர்க் கிண்ணத்தை அப்பா முன்னால் நகர்த்தினாள்.

"அப்பா, ஒங்க கொரல் கனவுல கேட்டு இவரு துள்ளித் துள்ளி எழுந்திருப்பாரு. செடி வந்தப்புறந்தான் மனுஷன் அசந்து தூங்குறாரு."

"பாத்தியா, தூங்கத்தான் செய்யறான்! நான் சொன்னதுல என்ன தப்பு?"

மகள் சிரித்துவிட்டாள். சஃபர் சிரிக்கவில்லை. இனி வேண்டாம் என்பதுபோலக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். அணி தோற்பதை அவர் ஆயிரம் தடவை தாங்கியிருக்கிறார். தன்னால்தான் தோற்றது என்பதை ஒரு தடவைகூடத் தாங்க முடியவில்லை. அதுவும் அந்தப் பேச்சு பெண்ணைக் கொடுத்த இடத்திலிருந்து வந்ததால் யாரிடமும் சொல்லி அழவும் வழியில்லை. அதன் பிறகு ஒரு வருடம் அவர் மருமகனோடு பேசவில்லை, நான்காம் எண் பஸ்ஸின் கூரையில் ஏறுவதை மட்டும் விடவில்லை.

அடுத்த வருடக் கோடையில் தடை நீங்கியது. எல்லா ஊரிலும் கதவு திறந்தார்கள், எங்கள் ஊரில் திறக்கவில்லை. இருக்கைகள் நிரம்பியிருக்கின்றன என்று மன்றத்திலிருந்து பதில் வந்தது. பனியில் கருகாமல், ஆலங்கட்டி மழையில் உதிராமல் செடிகள் அப்படியே நின்றன, அணியும் முதலிடத்தில் நின்றது. நவம்பரில் கடைசி ஆட்டம், எதிரணி வடக்கேயிருந்து வந்த சிமாப். சமன் செய்தாலே சாம்பியன். பார்வையாளருக்குக் கதவைத் திறக்காமல் கோப்பை தர முடியாது என்று தலைநகரில் கண்டிப்பாகச் சொன்னதால், கராமத் வேறு வழியில்லாமல் வாசலில் அறிவிப்பு ஒட்டினார்: இருக்கை வேண்டுவோர் அவரவர் செடியை அவரவரே அப்புறப்படுத்திக்கொள்ளலாம். பக்கத்திலேயே ஆட்டக்காரர்களின் கடிதம் ஒன்றும் ஒட்டியிருந்தது. பெரியவர்களே, இன்னும் ஒரே ஒரு ஆட்டம், தயவுசெய்து வெட்டாதீர்கள் என்று பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து தலேருடையது.

ஆட்டத்தன்று ஊர்க்காரர்கள் அரிவாளோடு வந்தார்கள். வந்துவிட்டார்களே தவிர, அவரவர் செடி முன்னால் நின்றுகொண்டு யாரும் கையை ஓங்கவில்லை. எல்லோரும் ஆறாம் வரிசையைத்தான் பார்த்தார்கள். வெட்டாமல் திரும்பிப் போனால் கோப்பை நிச்சயம், அந்தக் கோப்பை எங்களுக்கு உரியதில்லை என்பதும் நிச்சயம். முந்தின நாள் மவ்ஸுனா பணிமனைக்கே வந்து கேட்டுக்கொண்டிருந்தாள்: "போங்கப்பா, ஒங்க எடத்துல உக்காருங்க. வாயை மட்டும் தொறக்காதீங்க. அவருக்காக இல்ல, எனக்காக." சஃபர் தலையாட்டியிருந்தார். இப்போது குனிந்து தன் செடியின் தண்டைப் பிடித்தார். அது அவர் பக்கம் திரும்பவில்லை, மைதானத்தில் உடல் சூடேற்ற ஓடிக்கொண்டிருந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. "தள்ளிக்க" என்றார். ஒரே வெட்டு. அதன் பிறகு அரங்கம் முழுக்க அரிவாள் சத்தம். நாற்பத்திரண்டு செடிகளை வெட்ட யாரும் வரவில்லை, அந்த இருக்கைக்காரர்கள் அந்த நோயிலேயே போய்விட்டிருந்தார்கள். அவற்றை விட்டுவிட்டு மற்றவர்கள் உட்கார்ந்தார்கள்.

வெட்டிய பூவை எங்கே போடுவது என்று தெரியாமல் எல்லோரும் மடியில் வைத்துக்கொண்டார்கள். ஆட்டம் தொடங்கியதும் மடியிலிருந்த பூக்கள் பந்தோடு திரும்பின. ஜனங்கள் அதை ஒரு கையால் லேசாகப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் கத்தவில்லை. கத்தினால் கெட்டுவிடுமோ என்ற பயம் மூவாயிரம் பேருக்கும் இருந்தது. எண்பத்தேழு நிமிடம் அப்படிப் போனது, கோல் எதுவும் விழவில்லை. தலேர் அன்று தன் வாழ்நாளில் ஆடாத ஆட்டம் ஆடினான். அவனைத் தாண்டி ஒரு பந்து போகவில்லை. ஆறாம் வரிசைப் பக்கம் ஒரு தடவைகூட அவன் பார்க்கவில்லை. மோசமாக ஆடியிருந்தால் சஃபர் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்திருப்பார். நன்றாக ஆடினான், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நான் செடியாகவே இருந்திருக்கலாம் போலிருக்கிறதே என்று ஒரு ஆத்திரம் கிளம்பியது. மகளுக்கு ஆட்டிய தலை ஞாபகம் வந்தது, அதற்குள் வாய் திறந்துவிட்டது.

"தலேர்! தூங்குறியாடா!"

மடியிலிருந்த எல்லாப் பூவும் பந்தை விட்டுவிட்டு ஆறாம் வரிசைக்குத் திரும்பின. தலேரும் திரும்பினான். கண் மூடித் திறக்கிற நேரம்தான். பந்து அவன் காலுக்கும் பக்கவாட்டுக் கோட்டுக்கும் நடுவே போனது, சிமாப் ஆள் ஒருவன் அதைத் துரத்திப் பிடித்து உள்ளே அடித்தான். ஒன்றுக்குப் பூஜ்யம். கோப்பையை வடக்கேயிருந்து வந்தவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். சஃபரை யாரும் திட்டவில்லை. அவர் கத்தியிராவிட்டால் நாங்களே கத்தியிருப்போம் என்று பிற்பாடு குறைந்தது இருநூறு பேர் எங்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

வாசலில் நான்காம் எண் பஸ் நின்றிருந்தது. சஃபர் படிக்கட்டருகே பூவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தலேர் சேறு படிந்த சீருடையோடு நேராக அவரிடம் வந்தான். அழுதிருந்தான் என்பது பார்த்தாலே தெரிந்தது. சுற்றியிருந்தவர்கள் கொஞ்சம் விலகி நின்றார்கள்.

"ஏன் மாமா கத்துனீங்க?"

"நீ ஏன்டா பாத்த?"

சஃபர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார், அரங்கக் கதவு மூடியதிலிருந்து ஒன்றரை வருடமாகக் காத்திருந்த மனிதருக்கு இது பெரிய நேரமில்லை. ஓட்டுநர் இரண்டு தடவை ஹார்ன் அடித்தார். இருவரும் ஏறினார்கள், ஆளுக்கொரு பக்கம், நடுவில் வழி. சஃபர் மடியிலிருந்த பூ மெல்லத் திரும்பி மருமகனைப் பார்த்தது. அவர் அதைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார், அது மறுபடியும் திரும்பியது. பிறகு அவர் விட்டுவிட்டார். பஸ் வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது தலேர் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினான், சஃபர் கை முழங்காலில் இறுகியது, ஆனால் அவர் கத்தவில்லை.