எண் இறங்கட்டும்

கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சர்ஜிகல்ஸ் கடை வைத்திருக்கும் விஜயபாண்டிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மூச்சுத் திணறுகிறவர் வீடென்றால் முதலில் ஆக்ஸிஜன் மிஷினை இறக்கிவிடுவான், பிறகுதான் காகிதம் கேட்பான். சுருளிப்பட்டி சங்கிலியம்மாள் வீட்டிலும் அப்படித்தான் இறக்கினான். அவள் மகள் வேல்விழிக்கு ஒரு மில் ஆபீசில் வேலை. அந்த மில்லின் இன்சூரன்சில் அம்மாவுக்கும் இடம் உண்டு. வாடகையைக் கம்பெனி கொடுத்துவிடும் என்று நிம்மதியாக இருந்தான். இருந்திருக்கக் கூடாது.

இன்சூரன்ஸ் கம்பெனி புதிதாக ஒரு சட்டம் போட்டிருந்தது. மிஷின் வேண்டுமென்று எழுதிக்கொடுக்கும் டாக்டர் அவர்கள் போர்ட்டலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டுமாம். சங்கிலியம்மாளைப் பார்த்தவரோ குமுளி டாக்டர். நெஞ்சுக் கோளாறு என்றால் மலையேறி அவரிடம் போவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். கைராசிக்காரர்தான், ஆனால் போர்ட்டல் என்றால் அவருக்கு எட்டிக்காய். விஜயபாண்டி போன் போடும்போதெல்லாம் "நோக்காம்" என்பார். மலையாளத்தில் பார்க்கலாம் என்று பொருள். பார்க்கலாம் என்று எந்த மொழியில் சொன்னாலும் நடக்காது என்பது வியாபாரிக்குத் தெரியாதா?

கிளெய்ம் திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினான், மறுபடி வந்தது. ஹெல்ப்லைன் பெண் அவனை "சார், சார்" என்று கொஞ்சியே கொன்றாள். கடைசியில் அவனுக்கு மிஷின் தந்திருந்த மதுரைக்காரர்கள், இந்த வாரத்துக்குள் அனுமதி வராவிட்டால் மிஷினைத் திருப்பி அனுப்பிவிடு என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். மிஷின் போனால் சங்கிலியம்மாளால் படுக்க முடியாது. சுவரில் சாய்ந்தபடியேதான் விடிய வேண்டும்.

போர்ட்டலில் பெயர் இருந்தவர் தேனியில் டாக்டர் சூரியபிரகாஷ்.

"அண்ணே, அவுக சும்மா ஒரு கையெழுத்துப் போட்டுத் தர மாட்டாகளா?" என்று கேட்டாள் வேல்விழி.

"நேர்ல பாக்காமப் போட மாட்டேன்னுட்டாக. அவுகளயும் குத்தம் சொல்ல முடியாதும்மா. வேற ஒரு டாக்டரு அப்படிப் போட்டுக் குடுத்துட்டு கம்பெனிக்கு இன்னும் பதில் சொல்லிக்கிட்டு இருக்காராம்."

ஆகவே சின்ன சிலிண்டர் ஒன்றை வேனில் வைத்து, இருவரையும் ஏற்றிக்கொண்டு அவனே தேனிக்கு ஓட்டினான். இந்த அலைச்சலில் கடை அன்றைக்கும் பூட்டித்தான் கிடந்தது.

டாக்டர் நல்ல மனிதர், களைத்த மனிதர். மேஜைமேல் இதே மாதிரிக் காகிதங்கள் குவிந்திருந்தன.

"ஆக்ஸிஜனை எடுத்துட்டு அரை மணி நேரம் உக்காரட்டும். விரல்ல மாட்டுற மிஷின்ல எண்பத்தெட்டு, இல்லன்னா அதுக்குக் கீழ காட்டணும். அப்பத்தான் கம்பெனி ஒத்துக்கிரும்."

மூக்கிலிருந்து குழாயை எடுத்தார்கள். சங்கிலியம்மாள் சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். குமுளி டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி மூக்கால் மெல்ல இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதினாள். பரீட்சைக்கு வந்த பிள்ளைபோல அத்தனை சிரத்தை. எண் தொண்ணூற்றொன்றில் நின்றது. அரை மணி நேரமும் அசையவில்லை.

மில் ஆபீசில், ஆஸ்பத்திரியில், கம்பெனியில் என்று ஊர் முழுக்க விளக்கம் சொன்ன விஜயபாண்டி, நுரையீரலுக்குச் சொந்தக்காரியிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குனிந்து அவள் காதருகே போனான்.

"ஆத்தா, சாதாரணமா இருங்க. இம்புட்டு மெனக்கெட வேணாம்."

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். "சும்மா இரு தம்பி. மூச்சு கலையுது."

டாக்டர் எண்ணைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். "இதை வச்சு நான் எழுத முடியாதே, விஜயபாண்டி."

"நடக்க வச்சுப் பாருங்க சார்." கேட்ட பிறகுதான், என்ன கேட்டோம் என்று அவனுக்கே உறைத்தது.

டாக்டர் பேனாவை மறுபடி திறந்தார். நடக்க வைத்துப் பார்ப்பதற்கும் விதியில் இடம் இருந்தது. "சிஸ்டர், நீங்க கூடவே போங்க. முடியலன்னா உடனே நிறுத்திருங்க."

மெல்ல நடந்தால் போதுமென்று சிஸ்டர் சொன்னதைச் சங்கிலியம்மாள் காதில் வாங்கவேயில்லை. கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு வராந்தாவில் விசுவிசுவென்று நடந்தாள். விஜயபாண்டி அவள் விரலில் மாட்டிய மிஷினிலிருந்து கண்ணை எடுக்காமல் பக்கத்திலேயே போனான். தொண்ணூறு. எண்பத்தொன்பது. இறங்கு, இறங்கு என்று மனதுக்குள் கெஞ்சினான். அவள் உதடு கறுத்தது, கழுத்து நரம்பு புடைத்தது. எண்பத்தாறு. அப்பாடா என்றது மனம். சந்தோஷம்தான், சந்தேகமே இல்லை. அடுத்த நொடியே, சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

சிஸ்டர் அவளை உட்காரவைத்துக் குழாயை மாட்டினார். டாக்டர் போர்ட்டலில் ஏற்றினார், அங்கேயே அனுமதி வந்தது. "மூணு மாசங் கழிச்சு மறுபடி கூட்டிட்டு வரணும். இதே டெஸ்ட்தான்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

திரும்பும்போது வேனில் சங்கிலியம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தம்பி, நான் தேறலயா?"

"தேறல ஆத்தா. அதனாலதான் மிஷினு உங்ககிட்டயே இருக்கும்னு சொல்லிட்டாக."

"இதென்ன கூத்து? முடியாதவளுக்கா குடுப்பாக? நான் மூச்சு நல்லா இருந்தாத்தான் குடுப்பாகன்னுல்ல நெனச்சேன்." அவள் முகத்தில் வெட்கம் வந்தது. "அப்பல்லாம் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்புல ஏத்தும்போது இருமுனவள எறக்கி விட்டுருவாக. நான் வாயப் பொத்தி மூச்சப் பிடிச்சு உக்காந்துக்கிருவேன். என்னய ஒரு நா கூட எறக்குனதில்ல."

வேல்விழி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "எத்தன வருசமாம்மா?"

"நீ காலேசு முடிக்கிற மட்டும்."

விஜயபாண்டி வண்டியை ஓட்டியபடியே, "அடுத்த தடவ நல்லா இருமுங்க ஆத்தா. யாரும் எறக்கி விட மாட்டாக" என்றான்.

"சரி தம்பி" என்றாள் பணிவாக.

சின்னமனூர் தாண்டியதும் அவளுக்கு இருமல் வந்தது. சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின, சத்தம் வரவில்லை. வேல்விழி அந்தத் துணியை அவள் வாயிலிருந்து பிடுங்கி, "இருமும்மா, இருமு" என்று சொல்லி அழுதாள்.