காதுக்குள் தண்ணி

என் வீட்டுக்காரர் டைல்ஸ் போடுகிறவர். வேலை பிடித்துக் கொடுப்பது அவருடைய அண்ணன். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் தம்பியை வளர்த்து ஆளாக்கியதும், தொழில் பழக்கியதும் அந்த அண்ணன்தான். அவர் சொல்லுக்கு இவரிடம் மறுபேச்சு இருந்ததில்லை.

முதல் தடவை அது வந்தபோது இவர் ஒரு சமையலறைச் சுவரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கையில் டைல் இருந்ததாம், சுவர் இடது பக்கமாக ஓட ஆரம்பித்ததாம். "ஓடுற சுவத்துல எப்படி ஒட்டுறதுன்னு நின்னுட்டேன்" என்று பிற்பாடு சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கிற நிலையில் இல்லை. வாந்தி எடுத்துவிட்டு, சிமெண்ட் மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி கண்ணை மூடிக் கிடந்தவரைக் கூட வேலை செய்தவர்கள்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

"வாந்தி, தலைசுத்தல்... எத்தனாவது மாசம்ணே?" என்று அவர்களில் ஒருவன் கேட்டான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நாள் கூத்து என்றுதானே நினைத்தோம்.

அது திரும்பத் திரும்ப வந்தது. டாக்டரிடம் போனால் இவர் சொல்லும் வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: "மயக்கமா வருது டாக்டர்." ஒருவர் ரத்த அழுத்தம் பார்த்தார். இன்னொருவர் ரத்தம் எடுத்தார். வேறொருவர் நெஞ்சில் கம்பிகளை ஒட்டி, இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார். தலையைப் படம் பிடித்தார்கள். எல்லோரும் கடைசியில் ஒரே மாதிரி சொன்னார்கள், எல்லாம் நார்மல்.

"எல்லாம் நார்மல்னா அப்ப சுத்துறது யாரு, நீயா?" என்று என்னைக் கேட்பார்.

கடைசியாகப் பார்த்தவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "மனசுல ஏதாவது கவலை இருக்கா?" என்றார்.

"இருக்கு டாக்டர். இந்த மயக்கம்தான்."

அவர் தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இடைப்பட்ட நாட்களில் இவருக்கு ஒன்றுமே இருக்காது. அதுதான் வினையாகிப் போனது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அறை நிற்கட்டும் என்று கதவுச் சட்டத்தையே வெறித்துக்கொண்டு கிடப்பவர், மறுநாள் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். எனக்கு அடையாளம் தெரியும். பேசிக்கொண்டிருக்கும்போதே வலது கை சுவரைத் தேடும். உடனே விளக்கை அணைத்துவிட்டு வாளியைக் கொண்டுவந்து வைப்பேன். பார்க்காதவர்களுக்கு அதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

அண்ணனுக்குப் புரியவில்லை. "தரைக்கு மட்டம் பார்க்கச் சொன்னா இவன் வேலைக்கு மட்டம் போடுறான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். அதைக்கூட இவர் பொறுத்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள், ஒரு புது வீட்டு வராந்தாவில் இவர் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்திருக்கிறார். வீட்டுச் சொந்தக்காரர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணன் நேரே வந்து, "ஊது" என்றாராம்.

"அண்ணே, மயக்கம்ணே."

"ஊதுடா."

இவர் ஊதினார். தலையில் முடி நரைத்த மனிதர், கூட வேலை செய்பவர்கள் எல்லாம் பார்க்க, அண்ணன் முகத்தில் ஊதினார். வாசனை ஏதும் இல்லை.

"வாசனை வராத சரக்கெல்லாம் இப்ப வந்துடுச்சு" என்றாராம் அண்ணன்.

வீட்டுக்கு வந்து கொத்துக்கரண்டியையும் ரசமட்டத்தையும் வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினார். துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் நடந்ததைச் சொன்னார். ஒரு சொட்டு வாயில் வைத்துப் பார்த்திராத மனிதர்.

"இதுக்கு ஒரு பேரு தெரியட்டும். அப்புறம் அண்ணன் மூஞ்சியில முழிக்கிறேன்" என்றார். அதன் பிறகு அண்ணன் வீட்டுப் பக்கம் போகவில்லை. வெளியே கிடைக்கிற சில்லறை வேலைகளைப் பார்த்தார்.

காது டாக்டரிடம் போனது மயக்கத்துக்காக அல்ல. டி.வி. சத்தத்தை இவர் கூட்டிக்கொண்டே போனதால் நான் இழுத்துக்கொண்டு போனேன். வலது காதில் எப்போதும் இரைச்சல் என்று அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். டைல் அறுக்கிற மிஷினோடு இருப்பவர்களுக்கு அது சகஜம், இதைப் போய் யாரிடம் சொல்வது என்று இருந்துவிட்டாராம். அந்த டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். வேறு ஏதாவது தொந்தரவு?

"மயக்கம் வரும். அது வேற கதைம்மா. எல்லாம் பார்த்தாச்சு, நார்மல்."

"மயக்கம்னா?"

"மயக்கம்னா மயக்கம்தான்."

"நினைவு தப்பிடுமா?"

"தப்பினாத்தான் தேவலையே! வீடே சுத்தும், கட்டில் கவுழும், எல்லாத்தையும் முழுசாப் பார்த்துக்கிட்டுல்ல கிடக்கணும்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார். நினைவு தப்புகிற மயக்கத்தைத்தான் இத்தனை பேரும் இத்தனை காலம் தேடியிருக்கிறார்கள். இவருக்கு மயக்கம் என்றால் சுற்றுவது. அவர்களுக்கு மயக்கம் என்றால் விழுந்து நினைவில்லாமல் கிடப்பது. எங்கள் யாருக்கும் அந்த வார்த்தை மேல் சந்தேகம் வரவில்லை.

காதில் கருவி மாட்டிப் பரிசோதித்தார்கள். வலது காதில் கேட்கும் திறன் பாதிக்கு மேல் போயிருந்தது. "உள்காதுல இருக்கிற தண்ணி அளவுக்கு மேல போயிடுது. அதான் சுத்துது, இரைச்சலும் அதனாலதான். மெனியர்னு பேரு" என்றார் டாக்டர்.

இவர் என் பக்கம் திரும்பினார். "கேட்டியா? அண்ணன் சொன்னது சரிதான். தண்ணி கேஸ்தான் நான்."

டாக்டருக்குப் புரியவில்லை. நானும் இவரும் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு டாக்டர் மீதியைச் சொன்னார். முழுசாகக் குணமாகாது, கட்டுக்குள் வைக்கலாம். உப்பைக் குறைக்க வேண்டும். சிலர் முன்னறிவிப்பே இல்லாமல், யாரோ பிடித்துத் தள்ளினாற்போல விழுந்துவிடுவார்கள். சிரிப்பு அடங்காததால் அதை நாங்கள் சரியாகக் காதில் வாங்கவில்லை.

அன்று மாலையே அண்ணன் வீட்டுக்குப் போனோம். இவர் நின்றுகொண்டே பெயரைச் சொன்னார்.

"மெனியரா? அட, எனக்குத் தெரிஞ்ச இன்ஜினீயருக்கும் அதாண்டா! படாதபாடு பட்டாரு மனுஷன். உட்காரு உட்காரு. முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று உள்ளே திரும்பி டீ போடச் சொன்னார்.

இவர் டீயைக் குடித்தார். திரும்பி வரும் வழியில், "முன்னாடியே சொன்னேனே" என்றார். அவ்வளவுதான்.

மறுபடி அண்ணனோடு வேலைக்குப் போனார். தரை வேலை மட்டும். ஏணி கூடாது என்று அண்ணனே கண்டிப்பாகச் சொல்லி, காலையில் வண்டியும் அனுப்பினார். இவர் அண்ணனிடம் பழையபடி சிரித்துப் பேசவில்லை. சாயங்காலம் வந்தால் நான் முகத்தைப் பார்ப்பேன். இவர் தலையை ஆட்டுவார், இல்லை என்று. தினமும் வண்டி வந்தது. அண்ணனிடமிருந்து இவர் காத்திருந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை.

ஒருநாள் காலை குளியலறையில் விழுந்தார். குழாயில் தலை மோதியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே போய்விட்டார்.

வழுக்கிவிட்டதா என்று எல்லோரும் கேட்டார்கள். அங்கே சொரசொரப்பான டைல்ஸ். இவரே பார்த்து வாங்கிப் போட்டது. தரை காய்ந்துதான் கிடந்தது. தள்ளிவிட்டாற்போல விழுவார்கள் என்று அந்த டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாகக் கேட்டது.

துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு வாசலில் உட்கார்ந்து பதில் சொன்னது அண்ணன்தான். பெயரைத் திருத்தமாகச் சொல்வார். சன்னலுக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். தூரத்து உறவில் ஒரு பெரியப்பா வந்திருந்தார்.

"காதுக்குள்ள தண்ணி அதிகமாயிடும் பெரியப்பா, அதனால..."

"தண்ணிதான், தெரியுமே. தங்கமான பையன். அந்தப் பழக்கம் மட்டும் இல்லாம இருந்திருந்தா..."

"யாரு சொன்னது உங்களுக்கு?"

"நீதானப்பா. நம்ம வீட்டுத் தரை வேலை நடந்தப்ப நீயேதான் சொல்லி வருத்தப்பட்ட."

அண்ணன் எழுந்து நின்றார். பிறகு, "தப்பா சொல்லிட்டேன். அவன் குடிச்சதே இல்ல" என்றார்.

"சரி விடுப்பா. போனவனைப் பத்தி இப்ப என்னத்துக்கு." பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டார்.

"விட முடியாது பெரியப்பா. நான் அவனை ஊதச் சொன்னேன். அவன் ஊதுனான். ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்ல."

பெரியப்பா நடந்துகொண்டிருந்தார். அண்ணன் செருப்புக்கூட இல்லாமல் கூடவே போனார். தெருமுனையில் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, இன்னொரு கையை வட்டமாகச் சுற்றிக் காட்டி, முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.