அக்காவின் முழங்கை

அத்தானின் குறட்டை வாக்கிடாக்கி வழியாகத் துறைமுகம் முழுவதும் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. புதனாகவும் இருக்கலாம், அக்கா செவ்வாய் என்கிறாள். நாற்பது மீட்டர் உயரத்தில், கிரேன் கூண்டுக்குள், மதிய இடைவேளை முடிந்தது தெரியாமல் அத்தான் கண்ணயர்ந்திருக்கிறார். அவர் தொடை வாக்கிடாக்கியின் பொத்தானை அழுத்திவிட்டது. கீழே இருந்தவர்கள் இயந்திரம்தான் பழுதென்று எண்ணெய்க் குப்பியோடு ஓடினார்களாம்.

மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. டாக்டர் சான்றிதழ் வரும்வரை மேலே ஏறக் கூடாது என்றுவிட்டார். பதினோரு வருடம் கூண்டில் இருந்த மனிதர் கிடங்கில் பெட்டி எண் குறிக்கப் போனார். வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாலை வகுப்புக்காக நான் அவர்கள் வீட்டில் தங்கி இரண்டு வருடமாகிறது. என் படுக்கைக்கும் அத்தானுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். எதையும் நோட்டில் எழுதிவைப்பதால் என்னைக் கணக்குப்பிள்ளை என்பார். அதனாலேயே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் என்னையும் கூட்டிப்போனார்கள்.

"எத்தனை நாளா குறட்டை?" என்றார் டாக்டரம்மா.

"எனக்குக் குறட்டையே கிடையாது டாக்டர். நான் ஒருநாள்கூட கேட்டதில்ல."

"கேக்கத்தான் நாங்க இருக்கோமே," என்றாள் அக்கா.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "மூக்கெலும்பு கொஞ்சம் வளைஞ்சிருக்கு. ஆனா அது மட்டும் காரணமா இருக்காது. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து நாக்கு பின்னால சரியும். வழி குறுகும்போது காத்து பட்டு அந்தத் தசை அதிரும், அதுதான் குறட்டை. கழுத்து தடிச்சவங்களுக்கு, மல்லாந்து படுக்கிறவங்களுக்கு இன்னும் அதிகம். சிலருக்கு வழியே அடைச்சு மூச்சு நின்னுடும். அப்போ ராத்திரி தூங்கியும் தூங்காத மாதிரிதான். பகல்ல கண்ணு சொக்கும்."

ஒரு சிறிய கருவியைக் கொடுத்தார். விரலில் கிளிப், மூக்கில் குழாய், மார்பில் பட்டை. ஓர் இரவு அதோடு வீட்டில் தூங்க வேண்டும்.

முடிவு கேட்கப் போன அன்று அத்தான் மழமழவென்று சவரம் செய்திருந்தார். சான்றிதழ்ப் படிவம் சட்டைப்பையில் தயாராக இருந்தது.

"மணிக்கு நாலு தடவைதான் தடைபட்டிருக்கு. அஞ்சுக்குக் கீழன்னா பயமில்ல," என்றார் டாக்டர்.

அத்தான் நாற்காலியிலேயே ஒரு சாண் உயர்ந்தார். "சொன்னேனா இல்லையா?" படிவத்தை விரித்து வைத்தார். டாக்டர் பேனாவைத் திறந்தார். பிறகு திரையை மறுபடி பார்த்தார்.

"ஒண்ணுதான் புரியல. மூச்சு பத்து செகண்டு நின்னாத்தான் கணக்குல வரும். அதுக்குள்ளயே உடம்பு ஒரு குலுங்கு குலுங்குது. ராத்திரி பூரா. இருநூறு தடவைக்கு மேல."

அக்கா சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தை மிகுந்த அக்கறையோடு படிக்கத் தொடங்கினாள்.

எனக்குத் தெரியும். குறட்டை ஏறும், நிற்கும், ஒரு 'தொம்', மறுபடி ஏறும். நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். ஆனால் சொல்ல நான் யார்? ஒரு கையெழுத்தில் அத்தான் மேலே போய்விடுவார், வீடு பழையபடி ஆகிவிடும். நோட்டைத் திறந்தேன், மூடினேன்.

"நான்தான் டாக்டர்," என்றாள் அக்கா. "முழங்கையால இடிச்சேன். வேணும்னு இல்ல. பன்னெண்டு வருஷப் பழக்கம். அந்தச் சத்தம் நின்னா தூக்கத்துலயே கை போயிடும்."

"அடிப்பாவி! கையெழுத்துதானேடி பாக்கி?"

"கையெழுத்து வாங்கிட்டு மேல போயிடுவீங்க. அங்க யார் வந்து இடிப்பா?"

டாக்டர் பேனாவை மூடினார். "இத்தனை வருஷம் வைத்தியம் பாத்தது நீங்கதான்மா. இன்னொரு ராத்திரி டெஸ்ட் எடுக்கணும். அன்னிக்கு லீவு போட்டுடுங்க."

அன்று அக்கா என் அறையில் படுத்தாள். முடிவு: மணிக்கு முப்பத்தெட்டு.

லேசான குறட்டைக்கு ஒருக்களித்துப் படுப்பது, எடை குறைப்பது, பல்லில் மாட்டும் அச்சு எல்லாம் உதவுமாம். மூக்கெலும்பை அறுவையில் நிமிர்த்தலாம், ஆனால் அதனால் மட்டும் இது தீராது. முப்பதைத் தாண்டினால் கடுமை, அதற்கு முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் இயந்திரம்தான் முதல் வழி. ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டால், இயந்திரத்தில் பதிவாவதைப் பார்த்துவிட்டுச் சான்றிதழ்.

அத்தான் கண்ணாடி முன் முகமூடியை மாட்டிப் பார்த்தார். "யானைக்குட்டி மாதிரி இருக்கேன்."

"குட்டியா?" என்றாள் அக்கா.

நான்கு நாள் அத்தான் அவளோடு பேசவில்லை. "குழம்புல உப்பு இல்லைன்னு உங்கக்காகிட்ட சொல்லு" என்று என் வழியாகத்தான் எல்லாம். ஆனாலும் முகமூடியை ஒருநாளும் தவறவிடவில்லை. ஒன்பதாம் நாள் அலாரத்துக்கு முன்பே எழுந்து, தினமும் காலையில் வரும் தலைவலி இருக்கிறதா என்று தன் நெற்றியையே சந்தேகத்தோடு தடவிப் பார்த்தார். வலிக்கவில்லை. அதை எங்களிடம் ஒத்துக்கொள்ள இன்னும் ஒரு வாரமானது.

மாதம் முடிந்ததும் டாக்டர் கையெழுத்திட்டார். திங்கட்கிழமை அத்தான் மேலே ஏறினார்.

மாலையில் தேநீரோடு உட்கார்ந்தவர் தானாகவே பேச்சை ஆரம்பித்தார். "ரெண்டு மணிக்கு மேலேருந்து பாத்தா கடல் ரெண்டு நிறமா தெரியுது. நடுவுல கோடு போட்ட மாதிரி. பதினோரு வருஷத்துல இன்னிக்குதான் பாத்தேன்."

"அப்போ இத்தனை வருஷமா ரெண்டு மணிக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றாள் அக்கா.

அத்தான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு நாற்காலியை அக்கா பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.