மூன்று விரல் அகலம்

பஸால் மாஸ்டருக்கு ஒரு விரல் அகலத்துக்கு மேல் வாய் திறக்காமல் போய் ஐந்து மாதம். தூக்கத்தில் பல்லை நெறுமுகிற மனிதர். ஒரு நாள் காலையில் வலது காதுக்கு முன்னால் தாடை சிக்கியது, பிறகு விடவேயில்லை. மனைவி ஜெமீலாவையும் டொக்டரையும் தவிர வேறு யாருக்கும் அவர் சொல்லவில்லை. தெரிந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பட்டம் வைத்துவிடுவார்களாம். பட்டத்துக்குப் பயந்தவர் செய்த காரியத்தைப் பாருங்கள்.

மகள் சஹ்லாவுக்கு மருதமுனையில் மாப்பிள்ளை பேசினார்கள். பேசி முடித்த அன்று மாப்பிள்ளையின் வாப்பா ஷரிபுதீன் சஹன் வைத்தார். ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் இருந்து உண்ண வேண்டும். ஒருவர் கையை எடுத்தால் மற்றவர்களும் கூச்சப்பட்டு எடுத்துவிடுவார்கள். பஸால் இரண்டு பிடி சோற்றை விரலால் தள்ளித் தள்ளி உள்ளே விட்டார். மூன்றாவது பிடியில் உயிர் போகிற வலி. "வயிறு நிரம்பிட்டு" என்று எழும்பிவிட்டார். பாதிச் சோறு அப்படியே கிடந்தது. ஷரிபுதீனின் முகம் கறுத்ததைப் பார்த்தும் ஒரு சொல் சொல்லாமல் வீடு வந்து சேர்ந்தார்.

அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு போன் கோலும் இல்லை. சஹ்லா போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். ஜெமீலாவுக்குப் பொறுமை போனது.

"உங்கட வெட்கத்தால என்ட புள்ளட கலியாணம் நிண்டு போகப் போகுது. ஊசிக்குப் பயந்தது போதும், எழும்புங்க."

வலிக்கு விழுங்கும் குளிசை, வாய்ப் பயிற்சி, பல்லுக்கு மேல் போடும் காப்பு எல்லாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று. மூட்டுக்குள் ஊசி போட வேண்டும் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து பஸால் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. இப்போது தப்ப வழியில்லை. காதுக்கு முன்னால் விறைக்க வைத்து இரண்டு ஊசிகளை ஏற்றினார் அந்த டொக்டர் அம்மா. ஒன்றால் சேலைன் உள்ளே போய் மற்றதால் வெளியே வந்தது. கழுவி முடிந்ததும் மூட்டு வழுக்குவதற்கு ஒரு மருந்து போனது. பஸால் கண்ணை மூடிக் கலிமா சொல்லிக்கொண்டிருந்தார்.

"இப்ப மெல்லமாத் துறங்க."

திறந்தார். மூன்று விரல் அகலம். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"ரெண்டு கிழமைக்கு மெதுவான சாப்பாடுதான். பயிற்சிய விட வேணாம்," என்றார் டொக்டர்.

மூன்றாம் நாள் ஜெமீலாவோடு மருதமுனைக்குப் போய் ஷரிபுதீனின் முன்னால் இருந்தார்.

"காக்கா, அண்டைக்கு எனக்கு வாய் துறக்க ஏலாம இருந்த. சொல்ல வெட்கப்பட்டுட்டன்."

கதவுக்குப் பின்னால் நின்ற ஷரிபுதீனின் மனைவி, சித்தி லைலா என்பவர்தான் கேட்டார்.

"அப்ப சோத்துல குறை இல்லையா?"

"சோறு நல்ல சோறு ராத்தா. அத உண்ணக் குடுத்து வைக்கல்ல."

"நான் ஆக்கினது வாயில வைக்க ஏலாம இருந்ததெண்டு நினைச்சன். அந்த வெட்கத்துலதான் இவர உங்களுக்குக் கோல் எடுக்கவும் விடல்ல."

சொல்லிவிட்டு உள்ளே போனவர், ஒரு கோப்பை நிறைய, கடிக்கத் தேவையில்லாத இனிப்பான வட்டிலப்பத்தோடு வந்தார். பஸால் ஒரு துளி மிச்சம் வைக்காமல் உண்டு முடித்தார். அதுவரை சித்தி லைலா அவருடைய வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. பிறகு ஜெமீலாவின் பக்கம் திரும்பினார்.

"இறைச்சி கடிக்க எத்தன கிழமை போகுமெண்டு டொக்டர்ட கேளுங்க. அதுக்குப் பிறகு கலியாண நாள வைப்பம்."