இலட்சிய நிறை

மனிதகுலத்தின் வரலாறு என்பது பாரத்தை இறக்கி வைத்தவர்களின் வரலாறு. சுமந்தவன் குகையிலேயே கிடந்தான். இறக்கி வைத்தவன் ஓடிப்போய் உலகை ஆண்டான். உரும்பிராய் விளையாட்டுக் கழகமொன்றின் தலைமைப் பயிற்றுநர் நடராசா மாஸ்ரர் இதை முழங்கியபோது அவருடைய இடக்கையில் தேத்தண்ணிக்கு வைத்த மூன்றாவது மீன் றோல்ஸ் இருந்தது. சேட்டின் பொத்தான் ஒன்றை வயிறு ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தது.

அன்று திறப்பு விழா. திறக்கப்பட்டது ஒரு மின்தராசு. சந்தியில் பலசரக்குக் கடை நடத்தும் ஐயாத்துரை முதலாளி தன் கடையிலிருந்தே எடுத்துக் கொடுத்த அன்பளிப்பு. மூட்டை நிறுத்துப் பழகிய அந்தத் தராசுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, முன்னால் குத்துவிளக்கேற்றி, றிபன் வெட்டினார்கள். முதலாளியின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு தராசைவிடப் பளபளப்பாக இருந்தது.

"முதல் மாஸ்ரர் ஏறுங்கோ, படம் எடுப்பம்."

மாஸ்ரர் ஏறினார். எண்ணைப் பார்த்தார். படம் எடுக்கமுதல் இறங்கிவிட்டார்.

"சப்பாத்தின்ரை பாரமும் சேருது," என்றார். காலில் செருப்புத்தான் இருந்தது.

அடுத்து சுபாஜினி ஏறினாள். புத்தூர்ப் பிள்ளை, இருபது வயது, பத்தாயிரம் மீற்றர் ஓடுபவள். மாகாணப் போட்டியில் முதலாவதாக வந்தால் தேசியக் குழுவில் பயிற்சி கிடைக்கும். அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான். தராசு நாற்பத்தேழு காட்டியது.

மாஸ்ரர் உச்சுக் கொட்டினார். "சென்ரிமீற்றர் உயரத்திலை நூறைக் கழிச்சால் சாதாரண சனத்தின்ரை நிறை. ஓட்டக்காரருக்கு நூற்றிப் பத்து. நான் நூற்றிப் பதினாறு கழிக்கிறனான். உனக்கு நாப்பத்திரண்டு வருது, பிள்ளை."

"ஏன் மாஸ்ரர் மற்ற ஆறு?"

"வெற்றிக்கு."

இந்தக் கணக்கை அவர் இணையவழி விரிவுரை ஒன்றில் கற்று, சான்றிதழும் பெற்றிருந்தார். விரிவுரையின் பாதியில் இணைப்பு அறுந்துபோனது. அந்த ஆறு அங்கேதான் பிறந்திருக்க வேண்டும்.

"தசையும் வேண்டாம்," என்றார் மேலும். "தொடையிலை தசை வைக்கிறது சைக்கிளுக்கு லொறி ரயர் பூட்டின மாதிரி."

அன்றிலிருந்து சுபாஜினிக்குக் காலையில் வெறுந்தேத்தண்ணி, மத்தியானம் அவித்த கீரை, பின்னேரம் பாதி வாழைப்பழம். அயலவர்கள் விரதம் என்று நினைத்து மெச்சினார்கள். அவளுடைய தமையன் சுதாகரன் மட்டும் மெச்சவில்லை. அவன் தோட்டத்தில் வெங்காயம் செய்பவன். வண்டிச் சவாரிப் போட்டிக்கு மாடும் ஒரு சோடி வைத்திருந்தான்.

"மாஸ்ரர், சவாரிக்கு முதல் நாங்கள் மாட்டுக்கு முட்டையும் நல்லெண்ணெயும் பருக்கிறனாங்கள். இவளுக்கு நீங்கள் கீரை குடுக்கிறியள்."

"மாடும் மனிசரும் ஒண்டே, தம்பி?"

"இல்லைத்தான். மாடெண்டால் பட்டினி போட்டவனுக்கு ஊர் அடிக்கும்."

தையும் மாசியும் போய்ப் பங்குனியும் முடிய வந்தது. சுபாஜினியின் கன்னம் ஒட்டியது. தலைமயிர் சீப்போடு வந்தது. தாய் குணலட்சுமி இவற்றைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்தது வேறு: மகள் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாமல் அம்மன் கோயிலுக்கு வருகிறாள். பெண்பிள்ளைக்கு மாதத்தில் ஒரு வெள்ளியாவது தவறத்தானே வேண்டும்?

குசினியில் வைத்துக் கேட்டாள். "ஆர் எண்டு சொல்லு."

"ஆர் எண்டால்?"

"மூண்டு மாசமாய் உனக்கு வரேல்லை. நான் விசரியில்லை."

சுபாஜினிக்குச் சிரிப்பு வந்தது. அதற்குச் சீவன் போதாமல் தேங்காய் துருவும் திருவலையிலேயே குந்தினாள். "எனக்கு எழும்பி நிக்கவே ஏலாமக் கிடக்கு அம்மா. இதுக்குள்ளை ஒருத்தனை நான் எங்கை தேட?"

தாய் நம்பவில்லை. தெரிந்த முகம் இல்லாத இடமாகப் பார்த்து, பருத்தித்துறைக்கு பஸ் ஏறி, ஒரு பெண் டொக்டரிடம் காட்டினாள். டொக்டர் சோதித்தார், தராசில் நிற்கவைத்தார், முப்பத்தொன்பது.

"பிள்ளைத்தாச்சி இல்லை, அம்மா," என்றார். "உடம்பிலை சத்தெண்டு ஒண்டுமில்லை, அதாலைதான் நிண்டது. உப்பிடி நிண்டால் எலும்பும் பலம் கெட்டுப்போகும். ஓட்டத்தை இப்பவே நிப்பாட்டிச் சாப்பாடு குடுங்கோ. இல்லாட்டில் ஒருநாள் முறியும்."

முதல் வசனத்திலேயே குணலட்சுமி கையெடுத்துக் கும்பிட்டு வைரவருக்கு வடைமாலை நேர்ந்துவிட்டாள். மற்ற வசனங்கள் அவள் காதில் ஏறவில்லை. அடுத்த செவ்வாய் வடைமாலை சாத்தப்பட்டது. சுபாஜினி ஒரு வடைகூடத் தின்னவில்லை.

டொக்டர் சொன்ன நிறையை மட்டும் பேச்சுவாக்கில் தாய் மகனிடம் சொன்னாள். சுதாகரன் நேரே கழகத்துக்குப் போனான். தங்கச்சி அப்போதுதான் தராசிலிருந்து இறங்கியிருந்தாள். நாற்பத்திமூன்று.

"டொக்டரின்ரை தராசிலை முப்பத்தொன்பது. உங்கடையிலை நாப்பத்திமூண்டு. மாஸ்ரர், உது முதலாளி எங்களிட்டை வெங்காயம் வாங்கிற தராசோ, சனத்துக்கு விக்கிற தராசோ?"

நின்றவர்கள் சிரித்துவிட்டு, உடனே சிரிக்காதது போல நின்றார்கள். ஐயாத்துரை முதலாளியிடம் இரண்டு தராசு என்பது சந்தியில் எல்லோருக்கும் தெரியும். வாங்குகிற தராசு குறைத்துச் சொல்லும். விற்கிற தராசு கூட்டிச் சொல்லும். ஆனால் கழகத்துக்கு ஜேர்சி தைத்துத் தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்.

மாஸ்ரர் பித்தளைத் தகட்டைப் பார்த்தார். "கொடையாளியை அவமதிக்காதை, தம்பி. ஊரிலை கிடக்கிற முள்ளுத் தராசெல்லாம் சண்டைக்கு முந்தினது. இது டிஜிற்றல்."

"நீ வா, பிள்ளை. வீட்டை போவம்," என்றான் சுதாகரன் தங்கச்சியிடம்.

சுபாஜினி அசையவில்லை. "இன்னும் ஒரு கிலோதான் அண்ணை," என்றாள்.

அந்த ஒரு கிலோவோடு சேர்ந்து இடுப்பும் நோகத் தொடங்கியது. மாஸ்ரர் எண்ணெய் பூசச் சொன்னார். போட்டியன்று காலை தராசு நாற்பத்திரண்டு காட்டியது. கைதட்டினார்கள். மாஸ்ரர் அவளையும் எண்ணையும் தகட்டையும் ஒரே படத்தில் எடுத்து முகநூலில் போட்டு, 'விஞ்ஞானம் வென்றது' என்று எழுதினார். போட்டி தொடங்க இன்னும் நேரம் இருந்தது.

கடைசி இரண்டு சுற்றுக்கு முன்னால் அவள்தான் முதலாவதாக வந்துகொண்டிருந்தாள். வளைவில் ஒரு சத்தம் கேட்டது; காய்ந்த பனைமட்டையை யாரோ முழங்காலில் வைத்து முறித்தது போல. சுபாஜினி விழுந்தாள். கையை ஊன்றித் தவழப் பார்த்தாள். இடக்கால் அவளோடு வரவில்லை.

"எழும்பு பிள்ளை! இன்னும் ரெண்டு சுத்துத்தான்!" என்று கோட்டுக்கு வெளியே நின்று மாஸ்ரர் கத்தினார். மற்றவர்கள் அவளைக் கடந்து ஓடினார்கள்.

தொடையெலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டர் வயதை இருமுறை கேட்டார். வெட்டி, ஆணி வைத்துப் பூட்டினார்கள். நடக்கலாம் என்றார்கள். ஓட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, முதலில் நடக்கட்டும் என்றார்கள்.

வியாழக்கிழமை மாஸ்ரர் சத்துமா ரின்னோடு வாட்டுக்கு வந்தார். குணலட்சுமி அவித்த முட்டையைப் பிய்த்து மகளுக்கு ஊட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் வாயைத் திறக்கவில்லை. மாஸ்ரரைக் கண்டதும்தான் திறந்தாள்.

"மாஸ்ரர், உள்ளுக்கு வைச்ச ஆணி எவ்வளவு நிறை வரும்?"

மாஸ்ரர் ரின்னை மேசையில் வைத்தார். குணலட்சுமி முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள்.

வெளியே விறாந்தையில் சுதாகரன் மறித்தான்.

"உங்கடை தராசிலை நேற்று நிறுத்துப் பாத்தனான். சீல் உடைக்காத அம்பது கிலோ உர மூட்டை. அம்பத்தைஞ்சு காட்டுது. நீங்கள் கேட்ட நாப்பத்திரண்டிலைதான், மாஸ்ரர், அவள் முதல் நாளே நிண்டவள்."

மாஸ்ரர் கைலேஞ்சியை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"தராசு பிழையெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"எனக்கு எப்பிடித் தம்பி தெரியும்?" என்றுவிட்டு, நேரம் போகுது என்று விறாந்தையின் மறுகோடிக்கு நடந்தார். அங்கே வியாழக்கிழமைகளில் நீரிழிவுக்காரருக்குச் சீனி வருத்தக் கிளினிக். மாஸ்ரரும் மாதம் ஒருமுறை மருந்துக்கு வருவார். மருந்து கொடுக்கமுதல் நிறை பார்ப்பார்கள்.

கிளினிக்கில் மாஸ்ரர் எண்பத்தாறு கிலோ. திறப்பு விழாவன்று கழகத்தின் தராசு அவருக்குத் தொண்ணூற்றைந்து காட்டியது. அன்றிலிருந்து தன்னுடைய நிறையை மட்டும் அவர் கிளினிக்கில்தான் பார்த்து வருகிறார்.